நான்கு மில்லிமீட்டர்

ஸ்வான்சியில் மழை விடாத சனிக்கிழமை.
பெட்டி பெட்டியாய் வந்திறங்கிய சூப்பர்காரின்
பின்னிடுப்பை ரம்பத்தால் அறுக்கிறான் கெத்தின்.
மூவாயிரம் பவுண்டு
வெள்ளைத் தூளாய்ப் பறந்து
அவனையே இரும வைக்கிறது.

அச்சில் வார்த்த அழகு போதவில்லை.
அதே இடுப்போடு இன்னும் நாற்பது பேர்
சாலையில் திரிகிறார்களாம்.

சந்தையில் வாங்கிய கானாங்கெளுத்தியைப்
பலகையில் கிடத்திச்
செவுளைத் திறந்து திறந்து பார்த்தான்:
காற்று நுழைய இதுதான் வாசல்.
களிமண், அட்டை, கண்ணாடி இழை, ரெசின்,
பிறகு உப்புத்தாள், உப்புத்தாள்,
கை மரத்துப்போகும்வரை உப்புத்தாள்.

இடப்பக்கச் செவுள் முடிந்த இரவு
மீனைப் பூனை கொண்டுபோனது.
வலப்பக்கத்தை ஞாபகத்திலிருந்து செய்தான்.

அளந்தால் நான்கு மில்லிமீட்டர் பிசகு.
"ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல
எவன் பார்க்கப்போறான்?"

நெரிஸ் பார்க்கவில்லை.
விளக்கணைக்க வந்தவள் அணைத்துவிட்டு
காரைச் சுற்றி நடந்தாள்,
ஓர் உள்ளங்கையால் இரண்டையும் தடவி.

"ஒண்ணு மூச்சு விடுது.
இன்னொண்ணு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

எது எதுவென்று சொல்லாமலே
உள்ளே போய்விட்டாள்.

கெத்தின் இன்னும் விளக்கைப் போடவில்லை.
உப்புத்தாளைத் துழாவுகிறான்.