ஐந்து நான்கான செவ்வாய்க்கிழமை

முதல் விதி: ரெண்டை எறியாதே.
எந்த ரெண்டையும், எந்தக் கையிலும்.
ராஜா தனியாக வந்தால் விட்டுவிடு,
அவர் கிரீடம் இங்கே செல்லாது.
ஒரு ஜோடிக்குப் பரிசு கிடையாது:
ராஜா ஜோடியும் மூன்று ஜோடியும் ஒரே விலை.
இரண்டு ஜோடி வந்தால் ஒன்றை எறி.
எதை என்று கேட்காதே.
ஒன்றுமே தேறாவிட்டால் ஐந்தையும் எறி.
இதைக் கற்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.
வெறுங்கையை நம்ப விரல் மறுத்தது.

சாட்ஸ்வொர்த்தில் துன்னி ஆடி வளர்ந்தவள் நான்.
அதில் ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது,
ராஜாவுக்கு வெறும் மூன்று.
அதனால் டர்பன் கடற்கரைக் கூடத்தில்
ரெண்டுதான் எல்லாம் என்று எந்திரம் சொன்னபோது
நான் வியக்கவில்லை.
மேசைக்கு மேசை ராஜா மாறுவார்.
யாரென்று பார்த்துவிட்டு உட்கார வேண்டும்.

சுவரோரம் ஏழாவது எந்திரம், ஐம்பது சென்ட்.
மூன்று கைக்கு இரண்டில் ரெண்டே வராது.
நாலு ரெண்டும் சேர
ஏறக்குறைய ஐயாயிரம் கை காத்திருக்க வேண்டும்.
காத்திருந்தேன். தாளில் எழுதியபடி,
பிழையில்லாமல், டீயை ஆறவிட்டு.
நூறு ராண்ட் ஓடினால்
எழுபத்தாறு சென்ட் என் பக்கம்.
சிரிக்காதீர்கள்.
அந்தக் கட்டடத்தில் என் பக்கம் இருந்தது
அது ஒன்றுதான்.

பக்கத்து ஸ்டூலில் லோகநாதன் மூட்லி,
மீன் மார்க்கெட்டிலிருந்து நேரே வருவார்.
ரெண்டை எறிவார்! கையில் வந்த ரெண்டை!
"ராணி கூப்பிடுறா சாலாட்சி" என்பார்.
நான் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

திங்கள் பின்னிரவில் தெம்பிங்கோசி
சாவியோடு வந்து ஏழாவதின் வயிற்றைத் திறந்தார்.
முகம் பார்க்காமல் சொன்னார்:
"நான் கண்ணாடி மட்டும்தான் மாத்துறேன், அக்கா."

செவ்வாய் மாலை வந்து கண்ணாடியைப் படித்தேன்.
நாலு ரெண்டுக்கு இருநூறு, அப்படியே.
ஐந்து ஒரே சீட்டுக்குப் பதினைந்து, அப்படியே.
நாலு ஒரே சீட்டுக்கு ஐந்து இருந்த இடத்தில்
நான்கு.
அதே எழுத்து, அதே மஞ்சள்.
பதினைந்து கைக்கு ஒருமுறை வரும் கை அது.
எழுபத்தாறு சென்ட் போயிற்று,
அதன் பின்னாலேயே நூற்றுக்கு ஆறு ராண்ட்.

மூட்லியிடம் காட்டினேன்.
"ஒன்னுதானே" என்றார், பொத்தானை அழுத்தியபடி.
கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.
கதவருகே போவதற்குள்
பின்னால் மணி விடாமல் அடித்தது.
அவருக்கு நாலு ரெண்டும் விழுந்திருந்தது.
ஐந்நூறு ராண்ட். தட்டில் சில்லறை விழும் சத்தம்.
நான் திரும்பவில்லை. கழுத்துதான் திரும்பப் பார்த்தது.

மினி டாக்ஸியில் ஜன்னலோர இருக்கை.
உம்லாசி போகும் ஒருவர் தோளில் தூங்கி விழுந்தார்.
சில்லறை எண்ணி முன்னால் கொடுத்தேன்,
மீதி சரியாக வந்தது.

ஜேக்கப்ஸில் ஒரு தையல் ஆலை,
அதன் சம்பளப் பிரிவில் எனக்கு ஒரு மேசை.
போன ஜூனில் மேலாளர் ஒரு தாள் நீட்டினார்:
வருகை ஊக்கத்தொகை, நூற்றுக்கு ஐந்து.
ஐந்தை அழித்து நான்கு தட்டியது
இந்த விரல்தான்.
அதே எழுத்து, அதே கட்டம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்
வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள்.
தாளைப் படித்தவர் ஒருவர்:
பொத்தான் துளை வரிசை பூசிசிவே.
நூல் ஒட்டிய விரலை நான்கின்மேல் வைத்து
என்னைப் பார்த்தார்.
"நான் தட்டச்சு மட்டும்தான்" என்றேன்.

நாளை புதன், சம்பள நாள்.
அவர் வரிசையில் எத்தனையாவதாக நிற்பார் என்று
கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.
இதற்குத் தாள் இல்லை.