ஏர் பிடித்த வண்டி

ஒன்பது வருசம் ஆறு மாசமாக
பள்ளிபாளையத்தில் ஒரு வேப்பமரத்தடியில்
வழக்கு நின்றுகொண்டிருந்தது.
நாலு சக்கரத்திலும் காற்றில்லை.

“தீர்ப்பு வந்துருச்சுங்க பாய்.
வண்டிய வித்து ஆளுக்குப் பாதியாமா.
ஓடாத வண்டிக்கு இரும்பு வெலதான்னு
ஈரோட்டு ஏவாரி சொல்லிப்போட்டான்.
எப்படியாச்சும் ஓட வெச்சுக் குடுங்க.”
சொன்னவர் பொங்கியண்ணன்.
அரைமணி கழித்துத் தனியே வந்து
இதையே சொன்னவர் சென்னியப்பன்.
இரண்டு பேரிடமும் முன்பணம் வாங்கிக்கொண்டேன்.
அதில் எனக்குக் கூச்சமில்லை.

பழைய மெட்டடார்.
பாவு உருளையும் நூல் மூட்டையுமாக
சங்ககிரி மேட்டில் முக்கி ஏறிய உடம்பு.
சீட்டுகளுக்கு நடுவே மூடியைத் தூக்கினால்
ஏர் ஃபில்டருக்குள் எலிக் குடித்தனம்,
நாற்பதாம் நம்பர் நூலில் மெத்தை.
நூல் இன்னும் வெளுக்கவில்லை.
டாஷ்போர்டில் ஓர் எலுமிச்சம்பழம்
ஜாதிக்காயாக இறுகிக் கிடந்தது.
அதன் கீழே கணக்கு நோட்டு.
கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்து:
டீசல் நானூறு. பஞ்சர் முப்பது.
டீ ரெண்டு. வடை ஒண்ணு.
வடையைத் தின்றது யாரென்று
எந்த வக்கீலும் கேட்டிருக்கமாட்டார்.

என்ஜின் இறுகியிருந்தது.
சிலிண்டருக்குள் எண்ணெய் ஊற்றி
ஐந்து நாள் அப்படியே விட்டேன்.
ஆறாம் நாள் புல்லியில் ஸ்பேனர் மாட்டி
முழு உடம்பையும் கொடுத்துத் திருகியபோது
அரை விரல் அசைந்தது.
சுபான் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.
அன்றைக்கு அதற்குமேல் வேலை செய்யவில்லை.
இருவருமாகப் போய்ப் பரோட்டா தின்றோம்.

டேங்கைக் கழற்றிக் கழுவியது,
பிரேக் சிலிண்டர்களைத் தட்டித் தட்டி
தெருநாய்களிடம் கெட்ட பெயர் வாங்கியது
எல்லாம் பில்லில் இருக்கிறது.
பேட்டரி மட்டும் வாங்கவில்லை.
யார் காசு என்பதில்
இன்னொரு வழக்கு முளைக்கும்போல இருந்தது.
தள்ளித்தான் பார்க்கணும் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள்,
மரத்துக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவர்.
“டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கு.”
“எங்க தோட்டத்துல ஏர் புடிக்க ஆளே கெடைக்கறதில்லீங்க,
இது தானா புடிச்சிருக்கா?”
என்னிடம்தான் கேட்டார் பொங்கியண்ணன்.
அந்தப்பக்கம் சென்னியப்பன் சிரித்துவிட்டு
சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

நட்டைத் தளர்த்தி பம்பை அமுக்கினேன்.
நுரை வந்தது. குமிழி வந்தது.
வெறும் மூச்சு கொஞ்ச நேரம் வந்தது.
பிறகு டீசல், நுரையில்லாமல், ஒரே கோடாக,
மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை.

“பாய், வலதுபக்கம் தள்றவரைக்
கொஞ்சம் தம் கட்டச் சொல்லுங்க.”
“பாய், இடதுபக்கத்துக்காரரு
சும்மா தொட்டுக்கிட்டு வாராருன்னு சொல்லுங்க.”
நடுவில் சுபான்தான் உண்மையில் தள்ளினான்.
கீறல் விழுந்த கண்ணாடியில்
இரண்டு வழுக்கைத் தலைகள் பக்கத்தில் பக்கத்தில்.
இரண்டாவது கியர். கிளட்சை விட்டேன்.
ஓர் உதறல். ஒன்றுமில்லை.
இன்னோர் உதறல்,
தறிக்கூடமே ஒரு கணம் காதில் விழாதபடி
கரும்புகையோடு ஒரு கனைப்பு.

நிறுத்தினால் அணைந்துவிடும். நிறுத்தவில்லை.
கண்ணாடியில் இருவரும் கொஞ்சதூரம் ஓடிவந்தார்கள்,
வேட்டியை மடித்துப் பிடித்தபடி,
வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டு.
யாரைப் பார்த்துக் கத்தினார்கள் என்று
அந்த இரைச்சலில் எனக்குத் தெரியாது.
காவிரிப் பாலம் வரை போய்த் திரும்பினேன்.
ஒரே நிழலில் நின்றிருந்தார்கள்,
பேசாமல்.

சாயங்காலம் பொங்கியண்ணன் வந்தார்.
“அவரு பாதிக்கு என்ன கேப்பாருன்னு
சித்த விசாரிச்சுச் சொல்லுங்களே.”
அரைமணி கழித்துச் சென்னியப்பன்.
நான் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை.
பேட்டரி இன்னும் வாங்கவில்லை.
ஒவ்வொரு முறையும் அதைத் தள்ள
மூன்று பேர் வேண்டும்.
சுபானுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு.