இதர: ஐந்து விழுக்காட்டுக்கு மிகாமல்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிக்கிடந்த
பதினெட்டு நிமிடத்துக்குள் போன் வந்தது.
நிதி ஒப்புதல் ஆகிவிட்டதாம்.
மூன்று லட்சத்து நாற்பதாயிரம்.
கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த
பிலோமினா அக்கா
நாற்பத்தொன்றில் கணக்கை விட்டார்.

விண்ணப்பம் போட்டது வைகாசியில்.
பணம் வந்தது ஐப்பசியில்.
அதற்குள்
மூச்சுக்குத் திணறியவர்கள்
வாடகைக்குத் திணறத் தொடங்கியிருந்தார்கள்.

எழுதிக் கேட்டபடியே செலவழிக்க வேண்டும் என்றான்
நிறுவனத்துத் தம்பி.
நல்ல பையன். எங்கள் ஏழு பேரையும்
மேடம் என்றுதான் கூப்பிடுவான்.
முகக்கவசம் எட்டாயிரம்.
கிருமிநாசினி அறுநூறு புட்டி.
உலர் உணவுப் பொட்டலம் இருநூற்றுப் பன்னிரண்டு.
எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி எண் போட்ட பில்.
பொட்டலம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு போட்டோ:
முகம் தெரிய வேண்டும்,
முகக்கவசமும் தெரிய வேண்டும்.

முழங்கால் தண்ணீரில் அரிசியைத்
தலையில் சுமந்துபோய்க் கொடுத்தோம்.
போட்டோவைப் பார்த்துவிட்டுக் கேட்டான்,
பின்னால் ஏன் மேடம் இவ்வளவு தண்ணி?
மழை, தம்பி.
அது வேற திட்டம் மேடம்,
வெள்ளத்துக்குத் தனியா எழுதிப் போடணும்.

படிவத்தில் பயனாளி என்றொரு கட்டம்.
சைராபானுவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.
பேனாவை வாங்காமலே சிரித்தாள்.
கதவில் தகரம் அடித்த பதினாலு வீட்டுக்கு
தூக்குவாளியில் கஞ்சி வைத்துவிட்டு
தட்டிவிட்டு ஓடியவள் அவள்.
இரண்டு சிலிண்டர் கடன்
இன்னும் அப்படியே நிற்கிறது.
"ஆக்குனவளும் நான், பயனாளியும் நானா?"

விதி ஏழு:
ஒப்புதல் தேதிக்கு முந்தைய செலவுகள்
ஏற்கப்பட மாட்டா.

வைகாசி முழுவதும் முந்தைய செலவு.
துளுக்காணம்
ஷேர் ஆட்டோவின் பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு
பாய் விரித்ததும் முந்தைய செலவு.
டீசலுக்காக ஆர்சி புக்கைச் சேட்டிடம் வைத்ததும்.
வட்டி மட்டும்
முந்தையதில்லை. அது நேற்றும் ஏறியது.

கடைசித் தலைப்பு, இதர.
மொத்தத்தில் ஐந்து விழுக்காடு,
பதினேழாயிரம்.
முகக்கவசப் பெட்டிகளின் மேலேயே
உட்கார்ந்து பேசினோம், இரவு பதினொன்று வரை.
யாரும் வாங்கிக்கொள்ளாத பெட்டிகள்.
அடியில் இருந்தது நனைந்து
என் எடைக்கு மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.

ஆர்சி புக்கா, சிலிண்டரா?
நாலுக்கு மூன்று.
என் கையும் புக்குக்குத்தான் உயர்ந்தது.
சைரா ஒன்றும் சொல்லவில்லை,
செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள்.
அதற்கப்புறம் கூட்டத்துக்கு வருவதில்லை.
குழாயடியில் பார்த்தால்
என் குடத்துக்கு இடம் விடுகிறாள்,
அவ்வளவுதான்.

தணிக்கைக்கு வந்தவர்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து
ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.
வவுச்சர் அறுபத்து மூன்றில் நின்றார்.
போக்குவரத்து என்று எழுதியிருந்தேன்.
தேதி ஐப்பசித் தேதி. அது பொய்.
தொகை பொய்யில்லை.

எங்கிருந்து எங்கே?
இங்கிருந்து ஸ்டான்லி.
எத்தனை நடை?
பதினொன்று சார்.
பென்சிலால் குறித்துக்கொண்டார்.
போக வரவா,
போக மட்டுமா?

கேட் மறுபடி மூடும் மணி அடித்தது.
அது நிற்கட்டும் என்று இருந்தேன்.
அவரும் பென்சிலைத் தூக்கியபடி இருந்தார்.

போக பதினொன்று சார், என்றேன்.
வர ஒன்பது.