படம் மூன்று

மாலெய்க் துறைமுகத்தில் மழை படுக்கைவாட்டில் பெய்தது.
கிளாஸ்கோவிலிருந்து ஐந்து மணி நேர ரயில்,
முழங்காலில் பென்சில் பெட்டி.
காப்புரிமை விண்ணப்பங்களுக்குப் படம் போடுகிறவன் நான்.

சால்மன் பண்ணை மிதவையில்
மோராக் மக்கின்னஸ் குழாயைக் கழற்றிக் காட்டினாள்.
பேன் பிடித்த மீன்களை உறிஞ்சி
வெதுவெதுப்பான தொட்டிக்கு அனுப்பும் குழாய்.
முழங்கை வளைவில் மோதி மோதிச்
செதில் உரிந்தே வந்து விழுந்தனவாம்.
கிழிந்த முக்குளிப்பு உடையின் ஒரு காலை வெட்டி
உள்ளே செருகியிருக்கிறாள்,
ஒரு வெள்ளிக்கிழமை, தேநீர் நேரத்துக்குச் சற்று முன்.
“அவ்வளவுதான்” என்றாள்.

அவ்வளவுதான் என்பது
பதினான்கு பக்கம் ஆனது.
அந்தக் கால்துணி
‘நெகிழ்வுடைய உட்புற உறுப்பு, 24’ ஆனது.
உரிமை கோரும் பொருளுக்கு முழுக்கோடு.
கோராதவை, சும்மா உடனிருப்பவை,
விட்டுவிட்டுப் போகும் கோடு.
மீனை அப்படித்தான் வரைந்தேன்: எண் 40.
கடல்: 42.
குழாயைப் பிடித்திருந்த கைக்கு
எண் கொடுக்க மறந்துவிட்டேன்.

நிறுவனத்துக்கு உரிமையை எழுதிக்கொடுக்க
மோராக்குக்கு ஒரு பவுண்டு;
ஏதாவது கைமாறினால்தான் பத்திரம் செல்லுமாம்.
அதைச் செருகிக் கடையில் தள்ளுவண்டி எடுத்தாளாம்.
வண்டியைத் திருப்பி விட்டதும்
நாணயம் துள்ளி வந்துவிட்டதாம்.
“இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.”

பதினெட்டு மாதம் கழித்து விண்ணப்பம் வெளியானது.
தொலைபேசியில் அவள் சிரித்த சிரிப்பில்
கடற்காகம் ஒன்றும் சேர்ந்துகொண்டது.
“படம் மூன்றில் உன் மீன்
தலையை முன்னே நீட்டிக்கொண்டு போகிறதே!
ஓட்டத்தை எதிர்த்து நிற்கிற சாதி அது.
இழுத்தால் வால்தான் முதலில் போகும்,
வந்த வழியையே பார்த்துக்கொண்டு.”

இரண்டு மணி நேரம் பக்கத்தில் நின்றவன்தான்.
குழாய் கறுப்பு. நான் கேட்கவும் இல்லை.

வழக்கறிஞர் ஃபோர்சைத் உதட்டைப் பிதுக்கினார்.
தாக்கல் செய்த நாளுக்குப் பின்
புதிதாக ஒரு செதிலைக்கூடச் சேர்க்க முடியாது.
“மீனுக்கா உரிமை கேட்டோம்? விடுங்கள்.”

உரிமை இருபது வருடத்தில் முடிந்துவிடும்.
படம் முடியாது.
யார் எப்போது திறந்தாலும்
எண் 40 அங்கே
தலை முன்னே, வாய் லேசாகத் திறந்து,
எந்தச் சால்மனும் போகாத விதமாகப்
போய்க்கொண்டிருக்கும்.

நேற்று அடுத்த வேலை வந்தது:
சிப்பி வளர்க்கும் சுழல் கூடை,
அளவுகளோடு ஒன்பது தாள்.
அளவுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று
முதலில் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்:
சிப்பி எந்தப் பக்கமாகத் திறக்கும்?