சுத்தக் கிரயம்

தோஹா கடற்கரைச் சாலையில்
வாய் பிளந்து நிற்கும் சிப்பியை
உள்ளே உட்கார்ந்திருக்கும் முத்தோடு சேர்த்து
ஆயிரத்து இருநூறு ரியாலுக்கு
இன்னாசி மச்சாதுவிடம் விற்றான் வைரவன்.

தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில்
ஆறு வருஷம் மேசை போட்டிருந்தவன்.
பத்திரத்தில் ஒரு சொல் பிசகவில்லை:
வளைகுடாத் தண்ணீருக்குத் தெற்கு,
ஆறுவழிச் சாலைக்கு வடக்கு,
படகுத்துறைக்கு மேற்கு,
ஈச்சமர வரிசைக்குக் கிழக்கு,
இந்த நான்கெல்லைக்குள் பட்ட
சிமெண்டுச் சிப்பி ஒன்று, முத்து ஒன்று,
வில்லங்கம் ஏதுமில்லை,
புத்திர பௌத்திர பாரம்பரியமாய்
ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.
முத்திரை மட்டும் லாண்டரிக் கடையுடையது.
அரபியில் இருந்தது,
யாரும் வாசிக்கவில்லை.

தூத்துக்குடிக்காரனுக்கே முத்தா என்று
கேம்ப் முழுக்கச் சிரித்தோம்.
"போட்டோ எடுக்க வர்றவன் தலைக்கு ரெண்டு ரியால்.
ஒரு வெள்ளிக்கிழமை நின்னு எண்ணிப் பாரு"
என்றிருக்கிறான் வைரவன்.
இவன் நின்று எண்ணியிருக்கிறான்.
நானூற்றுப் பதினாறு தலை.

முதல் வசூலுக்குப் போனவன் கையில்
ஒரு பிலிப்பைன் குடும்பம் போனைக் கொடுத்து
எங்களை எடு என்றது.
எடுத்தான். யார் தலையும் வெட்டாமல்,
முத்து முழுசாய் விழும்படி.
காசு கேட்க நாக்கு எழவில்லையாம்.

வைரவன் அதற்குள் மஸ்கட்டில் இருந்தான்.
ஜெயிலில் என்றும் சொல்கிறார்கள்.

சனையாவில் எங்கள் அறைக்கு எட்டுக் கட்டில்.
ஸ்டோர்கீப்பர், ஏ.சி. ரூம், ஆயிரத்தெண்ணூறு என்று
திருச்சியில் ஒருவன் எனக்கு விற்ற வேலையை
நான் இன்றுவரை பார்த்ததில்லை.
கம்பி கட்டுகிறேன்.
மேல்கட்டில் அப்பாவுக்குட்டிக்கு விற்றது
ஐந்து நட்சத்திர ஓட்டல் சமையலறை.
அவன் கக்கூஸ் டேங்க் லாரியில் போகிறான்.
ஒரு லட்சம், ஒன்றரை லட்சம்,
அம்மா தாலியில் பாதி என்று கொடுத்துவிட்டு வந்த நாங்கள்
அன்றிரவும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"எனக்காவது சாமானைக் கண்ணுல காட்டி வித்தான்"
என்றான் இன்னாசி, சாக்ஸைக் கழற்றிக்கொண்டே.

யாரோ எழுந்து லைட்டை அணைத்தார்கள்.

வெள்ளிதோறும் இப்போதும் போகிறான்.
பெப்சி டின்களைப் பொறுக்குகிறான்.
விளிம்பில் ஏறும் பிள்ளைகளை
இறங்கச் சொல்கிறான், தமிழில்தான்.
இறங்கிவிடுகிறார்கள்.

போன மாதம் அவனுக்குச் சம்பளம் வரவில்லை.
நாற்பது ரியால் கடன் கேட்டான்.
கடன் வேண்டாம், கால் பங்கு கொடு என்றேன்.
ரொம்ப நேரம் யோசித்துத்தான் சம்மதித்தான்.
பத்திரமெல்லாம் இல்லை, வாய்ச்சொல்.
சாயங்காலம் நிழல் விழுகிற பக்கம்
எனக்கு.