அரைப்பேர்

மஸ்கெலியாவுக்கு மேலே, மூன்றாம் பிரிவு மடுவத்தில்
விரல் வைக்கும் கருவி ஏழு நிமிடம் முந்தி ஓடியது.
யாருக்கும் தெரியாது. கருவிக்கும் தெரியாது.
அதற்கு அதன் மணிதான் மணி.

ஏழரை என்றால் இங்கே சனி இல்லை,
பிரட்டு.
ஏழரைக்குள் விரல் பதிந்தால் முழுப்பேர்.
ஏழு முப்பத்தொன்று என்றால் அரைப்பேர்.
அட்டை கடித்த காலோடு வந்தவளும்
கொழுந்து கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்தவளும்
அழுத்தி, சீலையில் துடைத்து, மறுபடி அழுத்தி
அது "ஸ்தூதியி" என்று சொல்லும்வரை நிற்பார்கள்.

என்னை ஹட்டனிலிருந்து அனுப்பியது அதற்காக இல்லை.
களவு என்று சந்தேகம்.
லொறி மடுவத்தை விட்டது பன்னிரண்டு ஐந்துக்கு.
தங்கேஸ்வரியின் பதினெட்டுக் கிலோ
நிறுவை போட்டது பன்னிரண்டு ஒன்பதுக்கு.
லொறி போன பிறகு நிறுத்த கொழுந்து
லொறிக்குள் எப்படி ஏறியது?

மடிக்கணினியைச் சாக்கின்மேல் வைத்து
பணிய ஸ்டோர் சேர்வரைக் கேட்டேன்: மணி என்ன?
கேட்ட நொடியைக் குறித்துக்கொண்டேன்.
பதில் வந்த நொடியையும்.
போய்வந்த நேரத்தில் பாதியைப் பதிலோடு கூட்டினால்
இப்போதைய மணி. இவ்வளவுதான் வித்தை.
போகவும் வரவும் ஒரே நேரம் என்று மட்டும் நம்ப வேண்டும்.
(மலையில் நடப்பவர்கள் சிரிப்பார்கள்:
இறங்க இருபது நிமிடம், ஏற நாற்பது.)

சேர்வர் கொழும்பைக் கேட்கும்.
கொழும்பு இன்னும் மேலே கேட்கும்.
கடைசியில் எங்கோ ஒரு சீசியம்.
அது யாரையும் கேட்பதில்லை.

வைகாசிக் காற்றில் அன்டெனா முகம் திரும்பியிருக்கிறது.
அன்றிலிருந்து கருவி தனி.
ஐந்து மாதம் ஒருவரையும் கேட்காமல்
நாளுக்கு மூன்று நொடி.
மூன்று நொடியை யார் களவு என்பார்கள்?

திருத்த இரண்டு வழி.
ஒவ்வொரு நொடியையும் மயிரிழை நீட்டிவிட்டால்
அது தானாகத் தேய்ந்து உண்மைக்கு வரும்.
கையேடு அதைத்தான் சொல்கிறது:
நேரத்தைப் பின்னால் குதிக்க விடாதே,
பதிவுகள் குழம்பும்.
கணக்குப் போட்டேன். பத்து நாள் ஆகும்.
பத்து நாள் என்றால் பத்துப் பிரட்டு.

மடுவத்திலேயே படுத்தேன்.
காவலுக்கு இருந்த சூசைமாணிக்கம் பிளேன்டீ ஊற்றினார்.
இரவு இரண்டு ஏழுக்கு, ஒரு விரலும் இல்லாத நேரத்தில்,
ஒரே தட்டில் இழுத்தேன்.
இரண்டு மணி.
அந்த ஏழு நிமிடத்தை மூன்றாம் பிரிவு
இரண்டு தரம் தூங்கியது.
"எனக்கு ஏழு நிமிசம் கூடுதல் காவல், எழுதிக்குங்க மிஸ்"
என்றார் சூசைமாணிக்கம்.

காலையில் தங்கேஸ்வரி விரலை வைத்தாள்.
ஏழு இருபத்தாறு. ஸ்தூதியி.
"இனிச் சரியா?"
"சரி."
"போன அஞ்சு மாசம்?"
"அதை இது திருத்தாது."
கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு கேட்டாள்:
"அப்ப அந்த ஏழு நிமிசம் இப்ப
யார் மடியில கெடக்கு?"

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.
எந்த நாளில் பிழை எத்தனை நொடி என்று
பின்னோக்கிப் போய் ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு அரைப்பேர்.
கூட்டினால் நூற்றைம்பத்தாறு முழுப்பேர்.
பெயர்களோடு அச்செடுத்து, யாரும் கேட்காமலே,
அறிக்கையின் பின்னால் குத்தினேன்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்:
கடிகாரம் சரிசெய்யப்பட்டது.
அதற்குக் கீழே ஒரு கட்டம், வேலை முடிந்த நேரம்.
கைத்தொலைபேசி, கருவி, ஸ்டோர் சேர்வர்
மூன்றும் ஒரே மணியைக் காட்டின.
கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையொப்பம் வைத்தேன்.