ஏகாரம்

கேசாட்ஸ் வளைவில் ரயில் தட்டிய பெட்டை நரி.
வனக்காவலர் கறுப்புப் பையில் கட்டி
417 என்று அட்டை கொழுவி
பேர்ண் ஆய்வுகூட வாசலில் வைத்துவிட்டுப் போனார்.
ஏழு நாள் மைனஸ் எண்பதில் கிடந்தது.
முட்டைகள் செத்த பிறகுதான் நாங்கள் தொடலாம்.

குடலைப் பிரிப்பது என் வேலை.
கத்தரிக்கோலின் மொட்டை நுனி உள்ளே, கூர் நுனி வெளியே,
ஒன்றரை மீட்டர் ஈரம்.
எலிமயிர், செர்ரிக் கொட்டை,
யாரோ வீசிய சொசேஜின் தோல்.
சல்லடையில் கழுவக் கழுவ
குருணையிலும் சின்னதாய், வெள்ளை வெள்ளையாய்
இவை.

வாய் இல்லை. தனக்கென்று குடலும் இல்லை.
குடலுக்குள்ளேயே குடியிருக்க அது எதற்கு?
தலையில் மட்டும் இரண்டு வட்டமாய்க் கொக்கிகள்.
எண்ணினேன்.
இருபத்தாறாவது இருக்கவேண்டிய இடத்தில்
இருபத்திரண்டு.
சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணினேன். இருபத்திரண்டு.
ரெகுலா ஏபிஷர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்,
நிமிரும்போது அவள் கோப்பி ஆறிப்போயிருந்தது.

பிறகு ஒன்றரை வருடம்:
அளவு, படம், மரபணு, மறுபடி அளவு.
‘புதிய இனம்’ என்று எழுதினோம்.
யாருக்குப் புதிது? நரிக்குத் தெரியும்,
நரியின் தாய்க்கும், ஆறே கரையோர எலிகளுக்கும் தெரியும்.
பிந்தி வந்தது நாங்கள்.
நரிக்கு அறிக்கையில் ஒரு சொல் உண்டு,
பள்ளிக்கூடத் தமிழில் ‘விருந்து வழங்கி’ என்று படித்தது.
யார் அழைத்த விருந்து?

“உன் பெயரை வைக்கலாம்” என்றாள் ரெகுலா.
என் குடும்பப் பெயர் இந்த நாட்டில் அப்பாவின் பெயர்.
தில்லையம்பலம்.
எந்தக் கந்தோரிலும் ஒருமுறைகூட
ஒழுங்காய் எழுதப்படாத பதினான்கு எழுத்து.
லத்தீனில் ஆணுக்கு முடிவில் இ, பெண்ணுக்கு ஏ.
அது சட்டம்.

அப்பா பீலில் இரவு வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தார்.
“நரியின்ர குடலுக்கையோ?”
“ஓம்.”
“கடிக்குமோ?”
“கடிக்க வாயில்லை, அப்பா.”
பஸ் கதவு இரண்டுதரம் திறந்து மூடியது.
“எழுத்துப் பிழை விடமாட்டினம்தானே?”

அச்சில் வந்த அன்று
ரெகுலா நடைபாதையில் நின்று உரக்க வாசித்தாள்.
முன்பாதி லத்தீன். பின்பாதி,
அவளுடைய பேர்ண் நாக்கில், நீட்டி,
தில்லையம்பலமே.

விளிவேற்றுமை அவளுக்குத் தெரியாது.
யாரோ அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று
கையுறையோடு திரும்பிப் பார்த்தேன்.

மேசையில் 418 உருகிக்கொண்டிருந்தது.